டிரெட்மில்லை அப்படியே தூக்காதே: கோவை நண்பனுக்கு ஒரு கடிதம்

திருச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலேயே வீட்டுக்குள் நடக்கிறாள் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் கடைசிப் பத்தியில், மாடி அறையில் கிடக்கும் டிரெட்மில்லை, அவள் நடந்து பழகுவதற்காக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் நீயுமாகச் சேர்ந்து கீழே கூடத்துக்கு இறக்கப் போவதாக ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிதான் இந்த நேரத்தில் என்னை விளக்கைப் போட்டு உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. உனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இன்னும் மூன்று ஆண்டுகள்கூட முடியவில்லை. மாப்பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். பாரம் தூக்கிப் பழக்கமில்லாதவர். தயவுசெய்து அந்த வேலையை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது ஒத்திவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று உன்னிடம் சொன்னேனே, அதன் முழுக் கதையை நான் உனக்குச் சொல்லவில்லை. அந்தக் கார்த்திகை மழையில் எங்கள் மாடி அறையின் கூரை ஒழுகியது. டிரெட்மில் நனைந்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில், நானும் என் மைத்துனரும் அதைக் கீழே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். எடை 96 கிலோ என்று அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டிலேயே அச்சிட்டிருந்தது. ஆளுக்கு 48 கிலோதானே, அரிசி மூட்டையைப் போலத் தூக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். பெல்ட் ஓடும் அடிப்பலகையை, அதாவது ஓடுபலகையை, மடக்கி நிறுத்தினோம். கொக்கி விழுந்ததற்கு அடையாளமாக வரும் ‘டக்’ என்ற ஒலி கேட்டதா என்று இருவருமே கவனிக்கவில்லை. ஐந்தாவது படியில் இயந்திரத்தைச் சாய்த்தபோது ஓடுபலகை தானாகத் திறந்து, கீழே நின்றிருந்த மைத்துனரைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. அவருடைய வலது கை மோதிர விரல் பலகைக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நான் மேலிருந்து அதை இழுத்துப் பிடிக்க முயன்று இடுப்பைத் திருகியதில், முதுகின் அடிப்பகுதியில் ஏதோ ஒன்று நழுவியதை நானே உணர்ந்தேன். அவருக்கு நகம் பெயர்ந்து நான்கு தையல் போட்டார்கள். எனக்கு ஆறு வாரம் படுக்கை. அன்று உடைந்த கருங்கல் படியின் விளிம்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பூச வேண்டாம் என்று நான்தான் கொத்தனாரைத் தடுத்துவிட்டேன்.

படுத்திருந்த அந்த நாட்களில் இதைப் பற்றி நிறைய படித்தேன். 1967-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. அது சுமையே தொழிலாக உள்ளவருக்குச் சொன்னது. 1990-களில் அமெரிக்காவின் பணியிட நலன் ஆய்வு நிறுவனம் திருத்தி அமைத்த கணக்கு இன்னும் கறாரானது: பாரம் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு திரும்பக் கூடாது, பிடிப்பதற்கு நல்ல பிடி இருக்க வேண்டும், இத்தனையும் பொருந்தி வந்தாலும் ஒருவருக்கு 23 கிலோதான். டிரெட்மில்லைப் படிக்கட்டில் இறக்கும்போது இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்துகிறதா, நீயே எண்ணிப் பார். பிடிக்க வாகான இடம் அதில் எங்குமே இல்லை. கைப்பிடியைப் பிடித்தால் திருகாணி தளர்கிறது, மேலே உள்ள திரைப்பெட்டியைப் பிடித்தால் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது, பெல்ட்டைப் பிடித்தால் அது உருளையின் மேல் ஓடி நம் கையையும் இழுத்துக்கொண்டு போகிறது. எடையும் சமமாக இல்லை. மோட்டார் முன்புறத்தில் இருப்பதால் பாரத்தின் பெரும்பகுதி அந்த ஒரு முனையிலேயே குவிந்திருக்கிறது. படியில் சாய்த்துப் பிடித்தால், மேலே நிற்பவரைவிடக் கீழே நிற்பவர்மீது அதிகச் சுமை இறங்குகிறது. ஆளுக்குப் பாதி என்று நாங்கள் போட்ட கணக்கு முதல் படியிலேயே பொய்த்துப்போயிருந்தது.

அந்த 23 கிலோ அளவை வைத்துப் பார்த்தால் எங்கள் இயந்திரத்துக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டும். ஆனால் மூன்றடி அகலப் படிக்கட்டில் நான்கு பேர் எங்கே நிற்பது? நான் உனக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: ஆளைக் கூட்டாதே, எடையைக் குறை. டிரெட்மில்லைப் பிரித்து இறக்கு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இங்கே பாலக்கரையில் இருக்கும் ஒரு மெக்கானிக். அறுபது வயதுக்கு மேலிருக்கும். மழை ஓய்ந்து, எனக்கும் முதுகு தேறிய பிறகு, மறுபடி மாடி அறைக்கே போய்விட்ட இயந்திரத்தை இறக்க அவரை அழைத்து வந்தேன். முதலில் அவர் எதையும் தொடவில்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அறைக் கதவு, படிக்கட்டின் அகலம், நடுவில் படி திரும்பும் மேடை, கூடத்து வாசல், கடைசியில் இயந்திரம் என்று எல்லாவற்றையும் அளந்தார். எங்கள் அறைக் கதவு இரண்டரை அடி. இயந்திரத்தின் அகலம் அதைவிட மூன்று விரற்கடைதான் குறைவு. அப்படியானால் இது உள்ளே வந்ததும் பிரித்துத்தான் வந்திருக்கும் என்றார். அந்தச் சிறு உண்மை எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

சாய்வு ஏறியிருந்தால் முதலில் இயந்திரத்தை ஓட்டிச் சாய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகு அதைச் செய்ய முடியாதல்லவா. அதன் பிறகு பிளக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி டேப்பால் ஒட்டினார். எடுத்துவிட்டால் இயந்திரம் ஓடாதபடி செய்யும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜமுக்காளத்தை நான்காக மடித்துக் கீழே விரித்தார். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் என் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். இடது தூணின் போல்ட்டுகள் ஒரு எவர்சில்வர் டப்பாவிலும் வலது தூணின் போல்ட்டுகள் இன்னொன்றிலும் போயின.

அதற்கடுத்து அவர் செய்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். திரைப்பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மெல்லிய கேபிள், இரும்புத் தூணின் குழலுக்குள்ளே ஓடுகிறது. தூணைக் கழற்றும்போது எல்லோரும் கெடுப்பது இதைத்தானாம். தூண் நசுக்கினால் கேபிள் அறுந்துவிடும், பிறகு பட்டன்கள் எதுவும் வேலை செய்யாது. அவர் கேபிளின் முனையை அடியில் பிரித்து, அதில் ஒரு நீளமான நூலைக் கட்டிவிட்டு, மேலிருந்து மெதுவாகக் கேபிளை உருவினார். கேபிள் வெளியே வந்தது. நூல் குழலுக்குள் தங்கிவிட்டது. மறுபடி பூட்டும்போது அந்த நூலில் கேபிளைக் கட்டி இழுத்தால் தானாக உள்ளே போய்விடும். பூ தொடுக்கும் நூல்தான் அது. என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில் தூண்களும் கைப்பிடியும் திரைப்பெட்டியும் தனித்தனியாக வந்துவிட்டன. அவற்றை நாங்களே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். எஞ்சிய அடித்தளம் மட்டும் எழுபது கிலோவுக்குள் இருந்திருக்கும். அதையும் அவர் தூக்க விடவில்லை. ஓடுபலகை அசையாதபடி சட்டத்தோடு சேர்த்து வார்ப்பட்டையால் இரண்டு இடத்தில் கட்டினார். மடித்த இயந்திரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கொக்கி, நேராக நிற்கும்போது தாங்குவதற்காகச் செய்ததே தவிர, சாய்த்து இறக்கும்போது தாங்குவதற்காக அல்ல என்று அவர் சொன்னபோது மைத்துனரின் விரல்தான் என் கண்முன் வந்தது.

படிகளின் மேல் இரண்டு நீளப் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, சாக்கு விரித்து, மோட்டார் முனை கீழ்நோக்கி இருக்குமாறு அவரும் அவருடன் வந்த இரண்டு உதவியாட்களும் அடித்தளத்தை அதன்மேல் வைத்தார்கள். தடித்த கயிறு ஒன்றைச் சட்டத்தில் கட்டி, மாடித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை இருவர் பிடித்துக்கொண்டார்கள். கயிறு தூணில் உராய்வதால் பாரத்தின் பெரும்பகுதியைத் தூணே வாங்கிக்கொள்கிறது. பிடிப்பவர் கயிற்றை விட்டுக்கொடுத்தால் போதும். கீழ்ப்படியில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். மேலிருந்து கட்டளை கொடுப்பவர் அவர் ஒருவரே. ‘விடு’, ‘நில்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பேச்சே இல்லை. நடு மேடையில் மோட்டார் முனையைத் தரையில் ஊன்றி நிமிர்த்தி, அதன் சக்கரங்களின் மேலேயே திருப்பி, மறுபடி பலகையில் படுக்க வைத்தார்கள். கூடத்துக்கு வந்ததும் வேலை எளிதாகிவிட்டது. சமதளத்தில் பின்முனையை உயர்த்தினால் முன்புறச் சக்கரங்கள் தரையைத் தொடும், தள்ளுவண்டியைப் போலத் தள்ளிக்கொண்டு போகலாம். டைல்ஸ் கீறாமலிருக்க வழி நெடுகப் பழைய மிதியடிகளை விரித்தோம்.

உன் வீட்டில் அப்படி உறுதியான தூண் இல்லையென்றால் கயிற்று வேலையை நினைக்கவே வேண்டாம். ஜன்னல் கம்பியில் கட்டுவது தற்கொலைக்குச் சமம். பெல்ட்டும் சக்கரம் பொருத்திய வண்டியும் வைத்திருக்கும் சுமை ஆட்களை வரவழைத்து, பிரித்த பாகங்களை அவர்களிடம் கொடு. அதற்கு ஆகும் செலவு, எனக்கு ஆன ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செலவைவிடக் குறைவு. மோட்டாரை மட்டும் நீயாகத் திறக்காதே. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்பலகையில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கூடத்தில் எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பவர்கள் உண்டு. தங்கச்சி கால் தவறினால் ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்வாள். பின்னால் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி, வெறுமையாக இருக்க வேண்டும். பக்கங்களில் ஒன்றரை அடிக்குக் குறையாமல் விடு. குளிர்சாதனப் பெட்டிக்கு வைப்பது போன்ற 16 ஆம்பியர் பிளக், எர்த் இணைப்போடு, சுவரிலேயே இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். தளம் தாங்குமா என்று நீ யோசிக்கலாம். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட விதி; முறைப்படி கட்டிய வீட்டில், அதுவும் தரைத்தளத்தில், உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பூட்டி முடித்ததும் யாரையும் ஏற விடாமல், மிகக் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் வெறுமனே ஓட விடு. இடம் மாற்றிய இயந்திரத்தில் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவது வழக்கம். வலப்பக்கம் ஒதுங்கினால், பின்னால் வலப்பக்கத்தில் இருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள திருகுசாவி) கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார். இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டை அதே போல். அவசரப்பட்டு முழுச் சுற்றுத் திருப்பிவிடாதே. நடந்து முடிந்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் மாட்டு. மாடியில் இருந்தவரை பேத்தி அதன் பக்கம் போயிருக்க மாட்டாள். கூடத்தில் அது அவளுக்கு விளையாட்டுச் சாமான். ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குழந்தைகளின் கை போனால் தோல் உரிந்துவிடுகிறது.

அதுவரை தங்கச்சி, உங்கள் வீட்டு முற்றத்திலோ, காலை வெயில் ஏறும் முன் தெருவிலோ நடக்கட்டும். ஒரு வாரத் தாமதத்தில் முழங்காலுக்கு ஒன்றும் கெட்டுவிடாது. மைத்துனர் இன்றும் குளிர் நாட்களில் அந்த விரலை நீவிக்கொண்டேதான் பேசுகிறார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு சுருங்குகிறது. உன் வீட்டில் அப்படி ஒன்று நடக்க நான் விடமாட்டேன்.

நாளை காலை அந்த மெக்கானிக்கிடம் பேசி, கோவையில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன். இல்லையென்றால் சனிக்கிழமை காலை ரயிலில் அவரையும் அழைத்துக்கொண்டு நானே வருகிறேன். நீ அதற்குள் மூன்று அளவுகளை மட்டும் எடுத்து அனுப்பு: மாடி அறைக் கதவு, படி திரும்பும் மேடை, இயந்திரத்தின் அகலம். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. நூலும் கயிறும் நான் கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி நண்பன்.