2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சேறு படிந்த வண்டியோடு நேராகக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவை ஜீப் உரிமையாளர்களாகிய நாம் இந்த ஆண்டு நான்கு பயணங்கள் போனோம், ஆறு முறை குழுவாகக் கூடினோம். கூட்டங்களில் பேசியது அத்தனையும் குறிப்பேட்டில் இருக்கிறது. படித்துக் காட்டினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். காட்டுக்குள் தங்கும் ஆசையை இவ்வாண்டும் அடக்கியே வைத்தோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் மாண்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை. முகாம்கள் எல்லாம் ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில், தோப்புக்காரரின் சம்மதத்தோடுதான் நடந்தன.

இனி, ஆண்டு முழுவதையும் விழுங்கிய மடக்கு மேசைக்கு வருகிறேன்.

ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க மறுக்கின்றன என்பதுதான் தொடக்கம். பானெட் மேல் வைத்து நறுக்கியதில் இரண்டு வண்டிகளின் பெயின்ட் போனது. கடையில் வாங்கிய மடக்கு மேசையின் ஒல்லிக் கால்கள் தோப்பு மண்ணில் புதைந்தன. வண்டியின் பின் கதவிலேயே மேசையைப் பொருத்திவிடலாம் என்று ஜூன் மாதக் கூட்டத்தில் முடிவானது. அப்போது நம் மூத்த உறுப்பினர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அவருடைய பழைய ஜீப்பின் பின் கதவு இரண்டு சங்கிலியில் தொங்கிக் கீழே சாயும், அதுவே மேசை. ராணுவ ஜீப்பை விவசாயிகளுக்காக மாற்றி 1945இல் வில்லிஸ் நிறுவனம் விற்ற சி.ஜே.2ஏ வண்டியிலேயே இந்த வசதி உண்டு. கதவுக்கு இடம்விட்டு ஸ்பேர் சக்கரம் பக்கவாட்டுக்குப் போனது. ஜிப்சி, தார், ஜிம்னி வைத்திருக்கும் நமக்குக் கதவு பக்கவாட்டில் திறக்கிறது, சக்கரமும் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. எண்பது ஆண்டுக்கு முன் இருந்ததைத் திரும்பச் செய்வதற்குத்தான் இத்தனை பாடு.

முதல் மாதிரி என் கைவேலை. பலகையைக் கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் உறையிலேயே திருகாணி போட்டு மாட்டினேன். இரண்டாம் பயணத்தில் கல்பாதை முடிவதற்குள் திருகாணிகள் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் தகரத்தில்தான் பிடிமானம். ஆகவே உறையைக் கழற்றி, பூட்டுக் கம்பியும் வைப்பர் ஒயரும் ஓடாத இடம் பார்த்துத் துளையிட்டு, துளை விளிம்பில் துருவுக்குப் பிரைமர் தடவி, தகரத்தைக் கவ்விக்கொள்ளும் ரிவெட் நட் இறக்கி, ஆறு மில்லிமீட்டர் போல்ட் போட்டோம். அடியில் ஓர் அலுமினியப் பட்டை, அதில் பலகையின் முழு நீளத்துக்கும் ஒரே பியானோ கீல்.

விரித்த பலகையின் வெளி விளிம்பைக் கதவோடு பிடித்து நிறுத்தும் சங்கிலியிலும் கோட்டை விட்டிருந்தேன். பார்வைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அதன் மேல்முனையைக் கதவில் கீலுக்கு ஆறு அங்குலம் மேலே மாட்டியிருந்தேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் சாக்பீஸால் தரையில் முக்கோணம் போட்டுக் காட்டினார். பதினாறு அங்குல அகலப் பலகையின் நடுவில் பத்துக் கிலோ வைத்தால், ஆறு அங்குல உயரத்தில் மாட்டிய இரண்டு சங்கிலிகளும் சேர்ந்து பதினான்கு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். பதினாறு அங்குலம் மேலே மாட்டினால் ஏழு கிலோ போதும். அதே எடையை விளிம்பில் வைத்தால் இரண்டு கணக்கும் இரட்டிப்பாகும். விளிம்பில் முழங்கையை ஊன்றிக் கதை பேசுகிறவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவும்.

பிறகு பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து எட்டடிக்கு நாலடி மரைன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, ஒன்று வாங்கினோம். கனம் அரை அங்குலம், ஆசாரி கணக்கில் நாலு நூல். 24க்கு 16 அங்குலம் என்றால் சரியாகப் பன்னிரண்டு துண்டு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆசாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ரம்பம் சாப்பிடுவதை யார் கொடுப்பது?” என்றார். ஒவ்வோர் அறுப்புக்கும் ஒரு நூல் போகும். ஐந்து அறுப்பில் கடைசி வரிசைத் துண்டுகள் இரண்டும் ஐந்து நூல் குட்டையாக வந்தன. ஒன்று என் வண்டியில் இருக்கிறது, மற்றது பொருளாளர் வண்டியில். கணக்குப் போட்டவனும் அதைச் சரிபார்த்தவரும் எடுத்துக்கொண்டதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆடி முகாமைப் பற்றி எழுதாமல் விட்டால் அறிக்கை பொய்யாகிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதம் வரும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்திய மாதிரியின் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் ரசம். வண்டி சற்றே சரிவில் நின்றிருந்தது. காற்று கதவைப் பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளியது. அம்மி பறந்ததோ இல்லையோ, ரசம் பறந்தது. மேசை அசையவில்லை, கதவுதான் மேசையையும் கூட்டிக்கொண்டு போனது. நல்ல வேளையாக யாருக்கும் சூடு படவில்லை. ஒருவருடைய வெள்ளை வேட்டி மட்டும் அந்த நிறத்துக்குத் திரும்பவில்லை.

அதன்பின் இரு முனையிலும் கொக்கி வளைத்த கம்பி ஒன்றைக் கதவுக்கும் பாடிக்கும் இடையில் மாட்டுகிறோம். கதவு திறந்த நிலையிலேயே நிற்கிறது. ஆனாலும் மேசையில் அடுப்பு கூடாது என்பது என் உறுதியான கருத்து. நறுக்கலாம், பரிமாறலாம், வரைபடம் விரிக்கலாம். தீ தரையில், வண்டியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். தேநீர் மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்ட மூவருக்கும் குழுவில் பதில் சொல்லியாகிவிட்டது. இன்று தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

ஓட்டத்தில் எழும் கடகடச் சத்தத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்தான் மருந்து. டியூபைச் சங்கிலிக்கு உறையாகப் போட்டு, பலகை கதவில் படும் இடத்தில் இரண்டு துண்டு ஒட்டினால் அடங்கிவிடுகிறது. சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டை போட்டவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை, ஆனால் மழையில் நனைந்தால் பட்டை தளர்ந்து மேசை முன்பக்கம் சாய்கிறது.

மேசை ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் வசூலானது 10,800 ரூபாய், செலவு 11,340. துண்டு விழுந்த 540 ரூபாயைச் சங்க நிதியிலிருந்து எடுக்க ஒப்புதல் கோருகிறேன். மற்ற கணக்குகளைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் டிரில் எந்திரம் நவம்பரில் ஒரு வாரத்துக்கென்று இரவல் போனது, இன்னும் வரவில்லை. கொண்டுபோனவர் இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். பிட்டுகளையும் சேர்த்துக் கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்