ஒயில் முள் விழுந்த கதை: மகனுக்கு ஒரு கடிதம்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம்; கட்டாரின் வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் உழவு மிசினின் (டிராக்டரின்) ஒயில் முள், அதாவது ஒயில் அழுத்தத்தைக் காட்டும் மீற்றரின் முள், விழுகிறது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி முடிக்கும் முன்னரே, “பெயரிங் போயிட்டுது அம்மா, வித்துப்போடுங்கோ, நான் காசு அனுப்புறன்” என்றாய். அதற்குள் இணைப்பும் அறுந்துவிட்டது. இது ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விடயம் என்பதால் கொப்பியில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

முள் காட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் சதுர அங்குலத்துக்கு 55 இறாத்தல் காட்டியது. ஒரு மணித்தியாலம் புழுதி உழவு ஓடிச் சூடேறிய பின், முழு வேகத்தில் 22 தான் நின்றது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டபோது 5 இறாத்தலுக்கும் கீழே சரிந்தது. எங்களுடைய மசி பெர்குசன் 135 இல் இருப்பது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். சூடேறிய பின் முழு வேகத்தில் அதற்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை இருக்க வேண்டும் என்று அப்பா ஸ்பனர் பெட்டி மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ரால் எழுதி வைத்திருப்பது உனக்கும் தெரியும். ஆகையால் 22 என்று கண்ட கையோடு மிசினை நிறுத்தச் சொன்னேன். அரை வயலில் உழவு நின்றதைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும்.

ஒரு கராஜ்காரர் வந்து பார்த்துவிட்டு எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். இன்னொருவர் தடிப்பான ஒயில் ஊற்றினால் முள் தானாக ஏறிவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது இரண்டாமவரிடம்தான். முதலாமவர் அவசரப்பட்டார், அவ்வளவே. மற்றவர் சொன்னதோ நோயை வைத்துக்கொண்டு வெப்பமானியைத் திருத்துகிற வேலை.

ஒயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பம்ப் ஒயிலைத் தள்ள மட்டுமே செய்யும். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையில் இருக்கிற மயிரளவு இடைவெளிக்குள்ளால் அந்த ஒயில் நெருக்குப்பட்டுப் போக வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் எழுகிறது. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் சீறுவதையும், விரலை எடுத்தால் அது சோர்ந்து விழுவதையும் நினைத்துக்கொள். பெயரிங் தேய்ந்தால் விரலை எடுத்ததற்குச் சமம். ஆனால் விரல் அப்படியே இருக்க, உள்ளே போகிற பொருள் இளகிப்போனாலும் முள் விழும். ஒடியற்கூழ் நெருக்குப்படுகிற இடத்தில் பழஞ்சோற்றுத் தண்ணீர் நெருக்குப்படாமல் ஓடிவிடும். எனவே முள் விழுந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, போனது பெயரிங்கா, பம்பா, ஒயிலா, அல்லது முள்ளே பொய் சொல்கிறதா என்று கட்டாரில் இருந்து நீயும் சொல்ல முடியாது, வட்டக்கச்சியில் இருந்து நானும் சொல்ல முடியாது.

முள்ளைத்தான் முதலில் சோதித்தேன். அப்பாவிடம் வேலை பழகிய தம்பியிடம் இரவலாக ஒரு மீற்றர் வாங்கி, எஞ்சின் பிளொக்கில் எங்கள் மீற்றரின் குழாய் பூட்டியிருந்த அதே துளையில் பூட்டி ஓடவிட்டோம். இரண்டுக்கும் இடையில் 2 இறாத்தல்தான் வித்தியாசம். எங்கள் முள் உண்மை பேசுகிறது. இதைச் செய்யாமல் ஒருவர் தன் வாகனத்தின் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் போட்ட பின், மீற்றருக்கு வருகிற மெல்லிய குழாயில் கசடு அடைத்திருந்ததைக் கண்டுபிடித்த கதையை அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்திராது.

அடுத்து ஒயிலின் அளவு பார்க்கும் கம்பி. மிசினைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் முழுவதும் கீழே வடிவதற்கு அரை மணித்தியாலம் விட்டு, துடைத்துவிட்டுத் திரும்ப விட்டுப் பார்த்தேன். குறைந்திருக்கும் என்று நினைத்தேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரலளவு நின்றது! நான் ஒரு துளி ஒயிலும் மேலதிகமாக ஊற்றவில்லை. தேய்ந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்குமே தவிரச் சுரக்காது. கம்பியின் நுனியை முகர்ந்தேன். டீசல் மணம் தெளிவாக வந்தது. உன் தங்கையின் பழைய கொப்பித் தாளில் ஒரு துளி விட்டு வைத்தேன். கறுப்புப் பொட்டைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று விரைவாகப் பரவியது. ஒயிலில் டீசல் கலந்திருந்தது.

அந்த மணம் எனக்குப் பழைய மணம். 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியதை நீ கேள்விப்பட்டிருப்பாய். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து ஒயிலோடு கலந்துவிடும். வேறு ஒயில் கிடைக்காத நாட்களில் அதைத்தான் அப்பா விரலிடையில் தேய்த்துப் பார்த்து, “இது ஒயில் இல்லை, தேத்தண்ணி” என்பார். நான் லாம்பு பிடித்துக்கொண்டு நின்று கற்றதெல்லாம் அப்படிக் கற்றதுதான்.

டீசல் எந்த வழியாக இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் தேவைப்பட்டன. எங்கள் மிசினில் டீசல் தாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது அல்லவா? முதல் நாள் மாலையில் கம்பியில் அளவைக் குறித்துவிட்டு, தாங்கியின் திருகியைத் திறந்தபடியே விட்டேன். காலையில் எஞ்சினைத் தொடாமலே பார்த்தபோது அளவு ஏறியிருந்தது. இரண்டாம் இரவு திருகியைப் பூட்டி வைத்தேன். காலையில் அளவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடாத எஞ்சினுக்குள் டீசல் இறங்குகிறது என்றால், அது எரியாமல் வழிவதன்று, எங்கோ ஒரு சவ்வோ சீலோ கிழிந்து ஒழுகுவது.

சந்தேகம் இரண்டு இடங்களில் இருந்தது: ஒன்று எஞ்சினின் பக்கத்தில் பூட்டியிருக்கிற, டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய பம்ப், மற்றது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து கொடுக்கும் பெரிய பம்பின் அச்சில் இருக்கும் சீல். மலிவானதை முதலில் பார்ப்பது என் பழக்கம். தம்பி சிறிய பம்பின் நட்டுகளைக் கழற்றி, குழாய்கள் பூட்டியபடியே அதை வெளியே தொங்கவிட்டுக் கைநெம்பை அசைத்தான். பம்பின் அடிப்புறத்தில், எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய பக்கத்தில், டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உள்ளே இருந்த சவ்வு ஓரத்தில் வெடித்திருந்தது. பழைய றப்பர்தானே.

புதிய பம்ப் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. வவுனியாவுக்குப் பேருந்தில் போய் வந்தேன். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்து, உன் தங்கைக்குக் கச்சானும் வாங்கினேன். பம்பைப் பூட்டிய பிறகு பழைய ஒயில் முழுவதையும் சூட்டோடு இறக்கிவிட்டு, ஏறத்தாழ 7 லீற்றர் புதிய ஒயிலும் புதிய பில்டரும் போட்டோம்.

இளகிய ஒயிலில் ஓடியதால் பெயரிங்குக்குக் காயம் பட்டிருக்குமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் பழைய பில்டரை வெட்டி, தாள் மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். காந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன், ஏனென்றால் பெயரிங்கின் மேற்பூச்சு உலோகம் காந்தத்தில் ஒட்டாது. செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுக்கம் ஒன்றும் தெரியவில்லை; கரி மட்டுமே இருந்தது.

இப்போது சூடேறிய பின் முழு வேகத்தில் 41 இறாத்தல், மெதுவாக ஓடும்போது 14. புது எஞ்சினில் இதைவிடக் கூடுதலாக நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை, தேய்வு இருக்கிறது. ஆனால் விற்கிற அளவுக்கான தேய்வு இதுவன்று. நல்ல ஒயில் இருக்கும்போதே சூட்டில் 30 க்குக் கீழே இறங்கினால், அல்லது கலப்பை பாரத்தில் அடியிலிருந்து கனத்த தட்டல் சத்தம் கேட்டால், அன்றைக்கு எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பை நானே கழற்றச் சொல்வேன். அப்போது உன் காசையும் கேட்பேன். அதுவரை அதை வங்கியிலேயே போட்டு வை.

அரை வயலில் நின்ற உழவு வியாழக்கிழமை முடிந்துவிட்டது; மழைக்கு முன் காலபோக நெல் விதைப்புக்குப் பிந்த மாட்டோம். தாங்கித் திருகியை மாலையில் பூட்டுவதும் காலையில் கம்பி பார்ப்பதும் என் வேலையாகிவிட்டது. இரவல் மீற்றரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விடுமுறைக்கு வரும்போது 0 முதல் 100 இறாத்தல் வரை காட்டுகிற நல்ல மீற்றர் ஒன்று வாங்கி வா. குழாயின் மரைக்கு அளவு எடுத்துத் தம்பி தனியாக அனுப்புவான்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா