புலம்பெயர் புனைகதைத் தாளைத் திருத்தவிருக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கியத்தில் பின்காலனியப் புலம்பெயர் புனைகதை குறித்த தாளை நீங்கள் இவ்வாண்டு திருத்தி அமைக்கவிருப்பதாக அறிந்து இதை எழுதுகிறேன். நான் ஆசிரியன் அல்லன். புதுச்சேரியில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பெயர்த்துக் கொடுத்துப் பிழைப்பவன். நாற்பது வயதுக்கு மேல் அஞ்சல் வழியில் அந்தத் தாளை எழுதித் தேறியவன். பாடமாக வைத்த நூல்களில் எனக்குக் குறையில்லை. அவற்றைக் குறித்துக் கேட்கப்படும் கேள்வியில்தான் குறை காண்கிறேன்.

எங்களுக்கு வந்த வினாக்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கதைமாந்தர் தாயகத்தை எண்ணி ஏங்குவதை விளக்குக, இரு பண்பாடுகளுக்கு இடையே அவர்கள் தத்தளிப்பதை ஆராய்க என்ற அளவில் அவை நின்றுவிடும். விடைக்கும் ஒரு வாய்பாடு இருந்தது. ஏக்கம், வேர், நினைவு, அடையாளச் சிக்கல் ஆகிய நான்கு சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு நான் அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன்; அந்த மதிப்பெண்ணை நினைத்தால் இன்றும் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில், கதைகளுக்குள் நான் கண்டது வேறு. ஒருவருடைய ஊர் எது என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லாமல் வேறொருவர் கையில் இருப்பதுதான் அம்மாந்தரை வதைக்கிறது. ஏக்கமெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

வி. எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ (1961) நாவலில் மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில், நாயகனின் மாமியார் வீடான அனுமான் இல்லத்து முன்கூடத்தில் மாலைதோறும் கூடிப் புகைபிடிக்கும் கிழவர்கள் வருகிறார்கள். இந்தியாவிலிருந்து கொஞ்ச காலத்துக்கென்று வந்து, நினைத்ததைவிட நெடுநாள் தங்கிவிட்டவர்கள் அவர்கள். இந்தியாவுக்குத் திரும்புவதைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். திரும்பும் வாய்ப்பு வந்தபோதோ, அவர்களுள் பலர் மறுத்துவிட்டார்கள். பழகிப்போன தற்காலிகத்தை விட்டுப் போக அவர்களுக்கு அச்சம். இதை ஏக்கம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், கிழவர்கள் கிடைக்கமாட்டார்கள். அந்நாவலின் நாயகனோ ஒரு நாட்டையும் கேட்கவில்லை. தன்னை யாரும் ‘வெளியே போ’ என்று சொல்ல முடியாத ஒரு வீட்டைக் கேட்கிறான், அதையும் கடன் தீராமலே பெற்றுச் சாகிறான்.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக்காரர்கள் டிரினிடாட் வரை போக வேண்டியதில்லை. மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலிகளை ஏற்றி அனுப்பிய துறைகளுள் புதுச்சேரியும் காரைக்காலும் உண்டு. அங்கிருந்து வேர் தேடி வருகிறவர்கள் சில சமயம் என் மேசைக்கும் வருவார்கள். பாட்டனாரின் ஊர்ப்பெயர் அன்றைய பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும், அதை வாய்விட்டு நாலைந்து விதமாகப் படித்துப் பார்த்துத்தான் ஊரை ஊகிக்க வேண்டியிருக்கும்.

அதைவிட அருகில் இருப்பது 1962. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்றே நடைமுறையில் முடிந்துவிட்டாலும், இந்தியாவும் பிரான்சும் 1956இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால், இங்கே பிறந்து அன்றைய நாளில் இந்தியாவுக்கு வெளியே வேறொரு நாட்டில் குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். அதாவது, அண்ணன் சைகோனிலும் தங்கை முத்தியால்பேட்டையிலும் இருந்தால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே விடியலில் இரண்டு நாட்டவரானார்கள், இருவரும் ஓரடி கூட நகராமலே. அப்போது எழுதிக் கொடுத்தவர்களின் பேரர்கள் இன்று கோடை விடுமுறைக்குப் பாரீசிலிருந்து வந்து போகிறார்கள். எழுதிக் கொடுக்காதவர்களின் பேரர்கள் விசாவுக்கான சான்றிதழ்களைப் பெயர்க்க என்னிடம் வருகிறார்கள். சொல்தா வீட்டார், அதாவது பிரெஞ்சுப் படையில் சேவை செய்தவர்களின் குடும்பத்தார், என்றால் தெருவில் இன்றும் ஒரு தனிப் பார்வை இருக்கிறது. அதில் பொறாமை பாதி, ‘இவர்கள் நம்மவர்தாமா’ என்ற ஐயம் பாதி. நம் மாணவர்கள் அந்தப் பார்வையை அறிவார்கள், ஆனால் விடைத்தாளில் எழுதமாட்டார்கள், ஏனென்றால் அது பாடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவில், விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்புத்துப்பட்டில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. உள்ளே இருப்பவர்களின் குடியுரிமை அதனால் மாறிவிடவில்லை. 1987 ஜூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்பது சட்டம். ஒரு முகாமிலிருந்து ஒரு தாயும் மகளும் பிரான்சிலுள்ள உறவினருக்கு அனுப்பவேண்டிய தாள்களோடு என்னிடம் வந்திருந்தார்கள். படிவத்தில் மகளின் குடியுரிமைக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். “இலங்கையெண்டு போடுங்கோ ஐயா” என்றார் தாய். “நான் அங்க போனதே இல்லியேம்மா” என்றாள் மகள், சுத்தமான விழுப்புரத்துத் தமிழில். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மற்றவற்றை முதலில் நிரப்பினோம். புலம்பெயர் கதைகளில் ‘வந்தேறிய நாடு’ என்று நாம் படிக்கிறோமே, அந்தப் பெண்ணின் கதையில் அந்த நாடு நாம்தான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆங்கிலத் தாளில் தமிழ்க் கதைகளுக்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள்; பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவற்றை அதே தாளில் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யை நைபாலுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1935இல் மணிக்கொடி இதழில் வந்த அந்தக் கதையில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியைத் தோட்டமும் வதைக்கிறது, பிறந்த ஊரும் வதைக்கிறது. தாயகம் என்ற சொல்லை அவளிடம் சொல்லிப் பார்க்க எந்த ஆய்வாளருக்கும் துணிவு வராது. பாரதியையும் சேருங்கள். பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு எல்லைக்குள் பத்தாண்டு கழித்தவர், எல்லையைத் தாண்டியதும் கடலூருக்கு அருகே கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டவர், பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பார்த்து ‘நாட்டை நினைப்பாரோ’ என்று கேட்கும்போது அந்தக் கேள்விக்கு அவருக்கு உரிமை உண்டு. (புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நம் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும் அந்தத் தொலைவில்தான் அவருடைய இரண்டு அரசுகளும் இருந்தன.)

வினாத்தாளையும் மாற்றுங்கள். இக்கதையில் ஒருவர் எந்த ஊரார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எந்தத் தாளைக் காட்டி முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் வாய்பாட்டு விடை உதவாது, மாணவர் கதையைத் திரும்பத் திறந்தே ஆக வேண்டும்.

1956 ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகளை என் தேவைக்காக முன்பே தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். சில பக்கங்களே வரும். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் எத்தனை படி வேண்டும் என்று தெரிவித்தால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய அஞ்சல்வழி மாணவன்,
புதுச்சேரி