பாசாணத்தை வைக்காதேயும், மச்சான்

அன்புள்ள மச்சான்,

கோழிக்கூட்டில் சுண்டெலி பெருகிவிட்டது, எலிப்பாசாணம் வாங்கி வந்துவிட்டேன், நாளைக்கு வைக்கப்போகிறேன் என்று நேற்றிரவு தொலைபேசியில் சொன்னீர். வைக்கமுன் இதை வாசியும். உமக்கு எழுதினாலும் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறேன், ஏனென்றால் இதே பிழையை விட்டவன் நான்.

கடையில் விற்கும் பாசாணங்களில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைக் கண்டால் கோழி விடுமா? எங்கள் செம்பேடு ஒருநாள் சுண்டெலி பிடித்ததை நீர் பார்த்திருக்கவேண்டும். கவ்வித் தூக்கி இரண்டு தரம் நிலத்தில் அடித்தது. மற்றப் பேடுகள் துரத்த, மாமரத்தைச் சுற்றி ஓடியபடியே முழுதாக விழுங்கிவிட்டது. நல்லகாலம், அது பாசாணத்துக்கு முந்திய எலி. பாசாணம் வைத்த கிழமை எங்கள் பூனை மூக்கால் இரத்தம் வடிந்து செத்தது. பேடுகள் தப்பின. ஆனாலும் அந்த மருந்து முட்டைக்குள்ளும் இறங்கும் என்று அறிந்தபின், பல நாள் முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்தேன். மனைவியின் வாயில் விழுந்ததைத் தனியாகச் சொல்கிறேன்.

உமது கூட்டில் அடித்திருப்பது ஒரு அங்குலக் கண் உள்ள கோழிவலை. மரநாய்க்கு அது தடை. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டையே போதும். ஒருநாள் இரவு டோர்ச் அடித்தபோது தீன்தட்டில் ஒன்று குந்தியிருந்தது. வலையில் முட்டித் திணறும் என்று பார்த்து நின்றேன். வேகம்கூடக் குறையவில்லை, வலையே இல்லாததுபோல் போய்விட்டது.

ஆனால் ஓட்டையைவிடப் பெரிய குற்றவாளி அந்தத் தீன்தட்டுத்தான். ஒரு முட்டைப்பேடு நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். உமது 12 பேட்டுக்கும் ஒன்றரைக் கிலோ தாராளம். நீரோ காலையில் தட்டை முட்ட நிரப்பிவிட்டு வேலைக்குப் போகிறீர். மிச்சமெல்லாம் இரவு எலிக்கு விருந்து. அது தின்பது சில கிராம்தான், புழுக்கை போட்டும் மூத்திரம் பெய்தும் பழுதாக்குவது அதைவிட அதிகம். மூன்று கிழமைச் சினை, ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி, ஆறு கிழமையில் அந்தக் குட்டிகளும் சினைப்படத் தயார். இந்தக் கணக்கோடு பொறி வைத்து வெல்ல முடியாது. பொழுதுபடத் தட்டை எடுத்து வீட்டுக்குள் வையும். தீன் மூடையை மூடியுள்ள தகரப் பீப்பாவில் போடும், உரப்பையை ஓர் இரவில் ஓட்டையாக்கிவிடும்.

தீன் இல்லாமல் இரண்டு இரவு போனபின் பொறி வையும். அப்போதுதான் சுட்ட கொப்பராத் துண்டுக்கு மதிப்பு வரும். சுவரோரமாக, கவிழ்த்த பெட்டிக்குள் வைத்தால் கோழியின் கால் அகப்படாது.

கூட்டுக்குப் பின்னால் குவித்திருக்கிற பழைய கிடுகையும் பொச்சுமட்டையையும் அகற்றும். என் குவியலின் அடியில் உரப்பை நூலும் கோழியிறகும் தென்னந்தும்பும் சேர்த்துப் பின்னிய கூடு இருந்தது. உள்ளே கண் திறவாத ஏழு குஞ்சுகள், பச்சை இறைச்சி நிறத்தில். அதற்குப்பிறகு நடந்ததை எழுத மனமில்லை. குவியலில் கை வைக்கமுன் தடியால் தட்டும், எலி இருக்குமிடத்துக்கு நாகமும் புடையனும் வரும். சாரையைக் கண்டால் மட்டும் அடிக்காதேயும், அது நம் பக்கத்து ஆள்.

வெறுங்காலோடு கூட்டைக் கழுவுகிற பழக்கத்தையும் விடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்கமாட்டீர். மாரியில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால், காலில் ஒரு கீறல் போதும்.

ஞாயிறு கொடிகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் இணுவிலுக்கு வருகிறேன். கால் அங்குலக் கண் கம்பிவலை பத்து அடி வாங்கி வையும். ஆணியும் குறடும் நான் கொண்டுவருவேன்.

அன்புடன்,
உமது மச்சான்