மிரியாம் கையில் எடுத்தது தந்தி வாத்தியம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், செங்கடலைக் கடந்த இஸ்ரவேல் பெண்கள் ஆடிப்பாடும் காட்சி வண்ணப்படமாக வந்திருந்தது. அதில் மோசேயின் சகோதரி மிரியாம் நீண்ட கழுத்துள்ள தம்பூராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். ஓவியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1871-இல் வெளிவந்து இன்றளவும் நம் திருநெல்வேலிச் சபைகளில் வாசிக்கப்படும் ஹென்றி பவரின் வேதாகம மொழிபெயர்ப்பு, அவள் 'தன் கையிலே தம்புரை எடுத்துக்கொண்டாள்' என்றே சொல்கிறது. தம்புரு என்றால், கச்சேரியில் சுருதிக்கு மீட்டும் வாத்தியம்தானே யாருக்கும் கண்முன் வரும்?

எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் 'தோஃப்'. வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சிறு பறை அது. அரபு மொழியின் 'துஃப்' இதன் உடன்பிறந்த சொல். இந்தப் பெயரோடு வேர் ஒன்றான வினை வேதாகமத்தின் நாகூம் புத்தகம் 2-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே தாதிமார் 'தங்கள் மார்பிலே அடித்துக்கொண்டு' புலம்புகிறார்கள். துக்க வீட்டில் பெண்கள் மாரடித்து அழுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஓசையை விளக்க வேண்டியதில்லை. அது உள்ளங்கை அறையும் ஓசை. விரல் மீட்டும் நாதம் அன்று. வெற்றியோடு திரும்பும் படைத்தலைவன் யெப்தாவை அவன் மகளும், சவுல் அரசனைப் பட்டணத்துப் பெண்களும் எதிர்கொண்டபோது, நம் பெண்கள் குலவையிட்டு வரவேற்பதைப் போல, அவர்கள் தட்டி வந்ததும் இதே கருவிதான்.

மற்றக் கருவிகளில் இத்தனை குழப்பம் இல்லை. வெள்ளித் தகட்டில் செய்த குழலைப் பூரிகை என்றும், ஆட்டுக்கடாவின் கொம்பாகிய 'ஷோஃபார்' என்பதை எக்காளம் என்றும் வேதாகமத் துதிப்பாடல்களில் ஒன்றான 98-ஆம் சங்கீதம் பிரித்தே காட்டுகிறது. தாவீது மீட்டிய தந்திக் கருவியாகிய 'கின்னோர்' சுரமண்டலமாக வந்திருக்கிறது. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா கிளர்ச்சியின் நாணயங்களில் காணப்படும் அவ்வகைக் கருவிக்கு, மேலெழும் இரு கைகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும் உண்டு. சுரமண்டலமோ தட்டையான பெட்டி. ஆயினும் இரண்டும் தந்தி வாத்தியமே. 55 சங்கீதங்களின் தலைப்பில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு 'இராகத்தலைவன்' என்று வைத்தது எத்தனை அழகான தமிழ்! 'நெகினோத் என்னும் வாத்தியம்' என்பதில்தான் சிறிது சறுக்கல். அது ஒரு தனி வாத்தியத்தின் பெயரன்று, தந்தி இசையைப் பொதுவாகக் குறிப்பது.

தம்புருவை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் நாடகத்தில், மிரியாமாக நடித்த ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு அட்டையில் ஒரு தம்பூரா செய்து கொடுத்தோம். அதைத் தாங்கவே அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. முதல் சுற்றிலேயே அதன் கழுத்து பின்னால் வந்த பிள்ளையின் நெற்றியில் இடித்தது; ஆட வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிவிட்டு இறங்கினார்கள். தோல் கருவி என்றால் முகம் சுளிக்கும் பழக்கமும் நம் ஊர்களில் முற்றும் ஒழிந்துவிடவில்லை. பறையும் உறுமியும் சாவுக்கும் கோயில் கொடைக்கும் உரியவை, ஆலயத்துக்கு ஆகாதவை என்று எண்ணும் பெரியவர்கள் சபைகளிலேயே இருக்கிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட மக்கள் கடற்கரையில் பாடிய பாட்டுக்குத் தாளம் தட்டியது தோல் கருவிதான் என்பதை அவர்கள் பிள்ளைகளாவது அறிந்து வளரவேண்டும்.

ஆகவே, மிரியாமின் கையில் தோல் கருவி இருக்கும்படி அந்தப் படத்தைத் திருத்தி, ஒரு வரி விளக்கத்தோடு சிறுவர் பகுதியில் மீண்டும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நம்மிடம் உள்ளவற்றுள் தோஃபுக்கு நெருங்கியது கஞ்சிரா. அதன் விளிம்பிலுள்ள உலோக வில்லைகள் மட்டும் இதற்கு வேண்டியதில்லை. வில்லைகளைக் கழற்றிய ஐந்து கஞ்சிராக்களோடு எங்கள் சிறுமிகள் இவ்வாண்டு அசனத்துக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் ஓவியர் எந்தச் சனிக்கிழமை மாலையும் வந்து பார்த்து வரையலாம்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.