மருத்துவரிடம் மகளை அழைத்துப் போகாதே

அன்புள்ள தங்கைக்கு,

வங்கிக்கும் மருத்துவரிடமும் இப்போதெல்லாம் மகளே உடன் வந்து பேசிவிடுகிறாள் என்று சென்ற வாரம் பெருமையோடு சொன்னாய். குடியேறிய எட்டே மாதத்தில் பத்து வயதுப் பெண் அந்த ஊர் மொழியைச் சரளமாகப் பேசுவது பெருமைக்குரியதுதான். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே பெருமையில் நானும் திளைத்தவள் என்பதால், தொலைபேசியில் சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

என் கழுத்தில் கட்டி ஒன்று தோன்றியபோது, மருத்துவருக்கும் எனக்கும் நடுவில் என் மகன், தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவர் மூன்று நான்கு நிமிடங்கள் பேசியதை, "பயப்பட ஒன்றும் இல்லையாம் அம்மா, இன்னொரு தடவை வரச் சொல்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். கட்டியில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பதே அவர் சொன்னது. அதில் பாதிச் சொற்களுக்கு அவனுக்குத் தமிழ் தெரியவில்லை; தெரிந்த ஒரு சொல்லை, புற்றுநோய் என்பதை, என்னிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பரிசோதனைக்கான கடிதம் பதினோரு நாள் அவன் பள்ளிப் பையில், கணக்கு நோட்டுக்குள் மடிந்து கிடந்தது. கட்டி ஆபத்தில்லாதது என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பதினோரு இரவும் அவன் தூங்கினானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

(பள்ளியில் அவன் மீது வந்த புகாரை அவனே எனக்கு மொழிபெயர்த்த கதை தனி. அவன் மொழிபெயர்ப்பின்படி, அவனைப் போல நல்ல மாணவன் அந்தப் பள்ளியிலேயே இல்லை.)

பெற்றோரைவிடப் பிள்ளைகள் புதிய மொழியையும் பழக்கங்களையும் வெகு வேகமாகக் கற்றுவிடும் குடும்பங்களில் இருவரின் இடங்களும் மாறிவிடுகின்றன என்று, குடியேறிகளின் பிள்ளைகளை நெடுங்காலம் ஆராய்ந்த சமூகவியலாளர்கள் அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் ரூபேன் ரும்பவுட்டும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஓசையில்லாமல் நடந்தது. வரும் கடிதங்களில் எதை எனக்குக் காட்டலாம் என்று முதலில் மகன் தீர்மானித்தான். பிறகு எங்கே நான் வர வேண்டும், எங்கே வரத் தேவையில்லை என்றும் அவனே தீர்மானித்தான்.

பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்வது போன்ற சிறு உதவிகளை அவள் செய்யட்டும். அதில் அவளுக்கும் மகிழ்ச்சி உண்டு. நோய், பணம், சட்டம் ஆகிய மூன்றிலும் மட்டும் அவளை நடுவில் உட்கார வைக்காதே. தொலைபேசி வழியே மொழிபெயர்க்கும் சேவையை ஆஸ்திரேலியா 1973-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில், மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் உடனடி ஆபத்து நேரும் அவசரம் தவிர வேறெதற்கும் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-இல் விதியே வந்தது. எனவே நீ கேட்பது சலுகை என்று கூசாதே. "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு, நேரம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடு. கூடவே மாலை வகுப்பு ஒன்றிலும் சேர்ந்துவிடு. நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிடு. மருத்துவர் சொன்னதை மாலையில் நீ அவளுக்குச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா