அந்தப் பலகைக்குப் பணம் கட்டிவிடாதே

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு வாத்திக்கு,

நாலு மாசமாய் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மூணாம் லயத்துக் கப்பல்காரர் இன்னும் அதே சைக்கிளில்தான் பால் வாங்கப் போகிறார். உன்னை விசாரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மாஸ்டாவின் கூரை திறக்கும் இரண்டு சீட் கார், யூனோஸ் ரோட்ஸ்டர், முதல் தலைமுறை, மேலே எழும்பும் விளக்கு, சீட்டுக்குப் பின்னால் ரோல் பார் என்ற இரும்பு வளைவு. மனசு நிறைந்துவிட்டது, வாத்தி. ஆனால் கடைசிப் படம், பின்காற்றைத் தடுக்க சீட்டுக்குப் பின்னால் மாட்ட நீ ஆர்டர் போடப்போகும் அந்த அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்) டிஃப்ளெக்டர் பலகை, சுற்றிலும் நீல எல்இடி விளக்கோடு. அதற்குப் பணம் கட்டிவிடாதே. கட்டியிருந்தால் திருப்பிக் கேள். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

கூரையைத் திறந்து ஓட்டினால் தங்கச்சிக்குக் கழுத்து வலி, பேச்சும் காதில் விழவில்லை என்கிறாய். அந்தக் காற்று முன்னாலிருந்து வருவதில்லை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று உங்கள் தலைக்கு மேலே பறந்து போய்விடுகிறது. அதனால் உட்காரும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பத்தான் பூட் (பின் சாமான் பெட்டி) பக்கத்திலிருந்து காற்று சுருண்டு முன்னே திரும்பி, சீட்டுகளுக்கு நடுவே புகுந்து பிடரியில் அறைகிறது. அதனால்தான் டிஃப்ளெக்டர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் கெட்டிப் பலகையைப் புகழ்வதற்குக் காரணம் குளிர். ஹீட்டர் சூடு வெளியே போகாமல் அவர்களுக்கு உள்ளே நிற்க வேண்டும். நமக்கு அது நேர்மாறு. பதினொரு மணி வெயிலில் ஈப்போ போகும்போது காற்றை முழுசாய் அடைத்துவிட்டால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நமக்குக் காற்று வேண்டும், பிடரியில் விழும் அறை மட்டும் வேண்டாம். அதற்கு வலைதான் சரி. வலை காற்றை நிறுத்தாது, வேகத்தை உடைத்து மெல்ல விடும். கறுப்பு வலையாகவே வாங்கு. வெளிர் நிறமானால் வெயில் பட்டு அது மட்டும்தான் பளிச்சென்று தெரியும், பின்னால் வரும் வண்டி தெரியாது. கறுப்பு கண்ணுக்கு மறைந்துவிடும்.

இராத்திரி இன்னொரு தொல்லை. பளபளப்பான பலகையில் பின்னால் வரும் செம்பனை லோரியின் விளக்கு இரண்டு இரண்டாகத் தெரியும். அதோடு நீல எல்இடியும் சேர்ந்தால் உன் நடுக்கண்ணாடியில் ரோடு எங்கே இருக்கும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அக்ரிலிக் உடைந்தால் கூர்கூராய் உடையும். உன் தலைக்கும் தங்கச்சி தலைக்கும் ஒரு சாண் பின்னால் அதை நிறுத்தப் போகிறாய். பின்னால் யாராவது மோதினால் தலை எந்தப் பக்கம் போகும் என்று உனக்கே தெரியும். கெட்டிப் பலகைதான் வேண்டும் என்று நீ அடம் பிடித்தால் பாலிகார்பனேட் வாங்கு. அது வளையும், சில்லாய்ச் சிதறாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும். புற ஊதாப் பூச்சு இல்லாததானால் நம் வெயிலில் மஞ்சளாகிவிடும். கடைக்காரரிடம் பூச்சு எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி வை.

பலகையை மாட்டுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நிறைய விரியும். 90 சென்டிமீட்டர் பலகை, காலைக்கும் நடுவெயிலுக்கும் 40 பாகை வித்தியாசம் என்று வை, இரண்டரை மில்லிமீட்டர் நீளும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டையே போட்டால் நீள இடமில்லாமல் ஓட்டையின் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். ஓட்டை 9 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஓட்டையின் நடுவிலிருந்து பலகை விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், உள்ளே நைலான் வைத்த நட். ரப்பர் லேசாய் அமுங்கியதும் கையை எடுத்துவிடு. நட் கழலாமலிருக்க ஊற்றுவோமே ஒரு பசை, அதைக் கிட்டேயே கொண்டுபோகாதே. அது பட்டால் பாலிகார்பனேட் விரிசல் விட்டுவிடும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் பெட்ரோலும் அப்படித்தான். சோப்புத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும்.

வலை எடுத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ரோல் பாரைச் சுற்றி வெல்க்ரோ வார், மேலே மூன்று, பக்கத்துக்கு இரண்டு. சுற்றிக் கட்டும் வாராய்ப் பார்த்து வாங்கு. பின்னால் பசை வைத்து ஒட்டும் வெல்க்ரோ நம் சூட்டில் இரண்டு வாரத்தில் உரிந்து தொங்கும். ரோல் பார் இரும்பும் வலையின் சட்டமும் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை வை, கிறீச் சத்தம் வராது. செம்மண் ரோட்டில் ஓடினால் வலைக்கண் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணிக் குழாயைப் பிடித்தால் போதும்.

வாரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நாலு மணி மழை சொல்லிக்கொண்டா வருகிறது? உன் துணிக்கூரையில் ஸிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல்தானே. கூரையை மூடிய பிறகு உள்ளேயிருந்து கையை விட்டு ஸிப்பை இழுக்க வேண்டும். போல்ட் போட்ட பலகை கைக்குக் குறுக்கே நிற்கும். வாராய் இருந்தால் இரண்டை அவிழ்த்து மடக்கிவிடலாம். கூரையை இறக்குவதற்கு முன்னால் அந்த ஸிப்பைத் திறக்க மறந்துவிடாதே, ஜன்னல் மடிப்பு விழுந்து வெடிக்கும்.

உயரத்தைக் கடைக்காரர் சொல்வதை வைத்து எடுக்காதே. முதலில் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ரோல் பாரில் டேப் போட்டு ஒட்டு. ஓட்டும் தோரணையில் சாய்ந்து உட்கார். மேல்விளிம்பு காது மட்டத்துக்கு வரட்டும். தோளுக்குக் கீழே என்றால் பிரயோஜனம் இல்லை. உச்சந்தலைக்கு மேலே போனால் வெளிக்காற்றில் மாட்டி விசிலடிக்கும். பிறகு தங்கச்சியின் கம்பளி நூலில் 15 சென்டிமீட்டராய் எட்டுத் துண்டு வெட்டி, தலை சாயும் இடத்திலும், ரோல் பாரிலும், இரண்டு சீட்டுக்கு நடுவிலும் ஒட்டு. சும்மா கிடக்கும் ரோட்டில் 60-இல் போ, அவள் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். நூல் முன்னே பார்த்துத் துடிக்கிற இடத்தில்தான் காற்று பின்னாலிருந்து புகுகிறது. சீட்டுக்கு நடுவே, கீழே, கார்ப்பெட்டை ஒட்டியிருக்கும் சந்துதான் மோசமான திருடன் என்று அநேகமாய்த் தெரியவரும். அதை ஸ்பாஞ்சு வைத்து அடைத்துவிட்டு, பக்கக் கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டு மறுபடி பார். பிடரியில் விழும் அறையில் பாதி அதிலேயே போய்விடும்.

ஆர்டர் போடுவதற்கு முன் எனக்கு மூன்று அளவு அனுப்பு: ரோல் பார் கால்களுக்கு நடுவே அகலம், நடுக் கார்ப்பெட்டிலிருந்து காது வரை உயரம், மடித்த கூரைச் சட்டத்துக்கும் ரோல் பாருக்கும் நடுவே இடைவெளி. இடைவெளி 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சட்டம் உரசும், வேறு வழி பார்க்க வேண்டும். தங்கச்சியைத் தனியாக உட்காரவைத்து அவள் காதையும் அள. அவள் உன்னைவிடக் குட்டை.

உன்,
ஸ்பானர்